லைன்மேன் கலியனின் மூன்று வாக்குமூலங்கள்

கலியனுக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. காரணம் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவன் குடியிருக்கும் தாமலிலிருந்து வரும் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் கண்டக்டரிடம் சண்டை. ஓட்டலில் சாம்பார் ஆறிப்போயிருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் சண்டை. சண்டைக்கு ஆளே அகப்படாத நாளில் தன் சைக்கிளைத் திட்டிக்கொண்டு போவான். அவன் வாயில் ஒரு சொல்கூட வாங்காதது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவன் இழுத்த லைன்.

ஊருக்குத் தண்ணீர் விடும் ஆபீஸில் அவன் லைன்மேன். ஓரிக்கையில் பாலாற்று மணலில் கிணறு. பக்கத்தில் பம்ப் ஹவுஸ். அங்கிருந்து மூன்று மைல் தள்ளி, நெசவாளர்கள் குடியிருக்கும் தொட்டித் தெருவின் முனையில் உயரத் தொட்டி. தொட்டிக்குள் ஒரு மிதவை கிடக்கும். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் என்பதைக் கம்பங்களின் மேல் ஓடும் ஒற்றைக் கம்பி பம்ப் ஹவுஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே வட்டமான கண்ணாடிக்குள் ஒரு முள் அதைக் காட்டும். கைப்பிடியைச் சுற்றிப் பேசும் போனும் அதே கம்பியில்தான். கரண்டு போவதற்குத்தான் கம்பி. திரும்பி வருவதற்குப் பூமியே வழி. அதற்காக இரண்டு முனையிலும் ஓர் இரும்புப் பைப்பைத் தரையில் இறக்கி, ஒயரை அதில் முடுக்கி வைத்திருப்பார்கள். எர்த் பைப் என்று அதற்குப் பேர்.

அறுபத்தொன்றாம் வருஷம் கம்பம் கம்பமாக ஏறி அந்த லைனை இழுத்தவன் கலியன். காக்காய் கூடு கட்டினாலும் பட்டத்து நூல் சுற்றிக்கொண்டாலும் அன்றைக்கே ஏறி எடுத்துவிடுவான். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அவ்வளவு வேகமாகப் போனதில்லை என்று அவன் மனைவி மணியம்மாள் சொல்வாள். சொல்லிவிட்டு உடனே அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அறுபத்தெட்டு சித்திரையில் அந்த லைனுக்குத்தான் கெட்ட பேர் வந்தது.

இரண்டு வருஷமாக மழை சரியில்லை. தெருக்குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். அப்படிப்பட்ட வெயில் காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, தொட்டி நிரம்பி வழிந்தது. கொஞ்ச நஞ்சமல்ல, இரண்டு மணி நேரம் வழிந்தது. தெரு முழுக்க ஓடி, வீடுகளுக்குள் புகுந்து, தறிக்குழிகளில் இறங்கியது. நெய்பவர் கால் விட்டு உட்காரும் குழி அது. ஆறு வீடுகளில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. தறியிலிருந்த கல்யாணப் புடவையில் மாம்பழ மஞ்சளுக்குள் அரக்குச் சாயம் இறங்கிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரால் புடவை கெட்டது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தெருவே திரண்டு ஆபீஸுக்கு வந்தது. யாரையாவது வீட்டுக்கு அனுப்பாமல் அது திரும்பிப் போவதாக இல்லை.

அன்று காலை பம்ப் ஹவுஸில் இருந்தவர் பஞ்சாட்சரம். ஐம்பது வயது. அதே தொட்டித் தெருக்காரர். தறி வீட்டில் பிறந்து மோட்டார் பக்கம் போனவர். உரக்கப் பேசத் தெரியாது. ஓவர்சியர் சீனிவாசனின் மேஜைக்கு முன்னால் நின்று, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"முள்ளு பூஜ்யத்துல நின்னுக்கினு இருந்துச்சு சார். தொட்டி காலின்னு நெனச்சு ரெண்டு மோட்டாரையும் ஓட்டினேன். சந்தேகமா இருந்துச்சு, போனைச் சுத்து சுத்துன்னு சுத்தினேன். சத்தமே இல்ல. மோட்டாரை உட்டுட்டு வரக்கூடாதுன்னு ரூலு. நான் இன்னா சார் பண்றது? ரெண்டு மாசமாவே காலைல இப்படித்தான் ஆவுது. கலியன்கிட்ட மூணு தபா சொன்னேன். லைன் சரியா இருக்குதுன்னுட்டான், அதான் முள்ளை நம்பினேன்."

மூணு தபா என்ற சொல் காதில் விழுந்ததும் கலியனுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. சொன்னது உண்மைதான். ஒவ்வொரு தடவையும் கலியன் போய்ப் பார்த்தான். தாமல் பஸ்ஸில் வந்து, கையெழுத்துப் போட்டு, பத்தரை மணிக்குப் போய்ப் பார்த்தான். முள் சரியாக நின்றது. போன் கணீரென்று பேசியது. மூன்றாவது தடவை, "உன் கண்ணுலதான் கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று திட்டிவிட்டு வந்தான்.

"இன்னாண்ணே புளுவுறே?" என்று இப்போது அத்தனை பேர் நடுவில் கத்தினான். "இன்னிக்கும் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன். லைன் கல்லு மாதிரி இருக்குது. முள்ளு பதினாலு அடி காட்டுது. தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன், அத்த உட்டுட்டு என் லைனு மேல பழி போடுறியே!"

ஓவர்சியருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒரு தாளை நீட்டினார். கலியன் கோபத்தோடு கோபமாக எழுதினான்: லைனில் எந்தக் கோளாறும் இல்லை, பம்ப் ஆபரேட்டர் தூங்கிவிட்டார். முதல் வாக்குமூலம் அது. அந்த இரண்டு வரியை வைத்துப் பஞ்சாட்சரத்தை அன்று மாலையே சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு மாதத்தில் விசாரணை. அதில் குற்றம் ருசுவானால் வேலை போகும்.

கலியன் அத்தோடு மறந்திருப்பான். பஞ்சாட்சரத்தின் மனைவி சம்பூர்ணம் விடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருநாள் ஆபீஸ் வாசலில் அவன் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தெருவுல நடக்க முடியலப்பா. குழாயாண்ட போனா, தூங்குமூஞ்சி பொண்டாட்டி வர்றா, கொடத்தை எடுங்கன்றாங்க. எங்க சாதி சனமே அவரு மொகத்தைப் பாக்க மாட்டேங்குது. அவரு சோறு துன்னு எத்தினி நாளாவுது தெரியுமா? நீ என்னிக்காச்சும் காலைல ஆறு மணிக்குப் போய் அந்த முள்ளைப் பாத்தியா?"

"நான் எதுக்கும்மா ஆறு மணிக்குப் பாக்கணும்? பத்து மணிக்கு நல்லா இருக்கிற கம்பி ஆறு மணிக்கு மட்டும் அந்துடுமா?"

"பாத்தியா, இல்லியா?"

அவளுடைய நிதானத்தைப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாக்குறேன்! நாளைக்கே பாக்குறேன்! பாத்துட்டு வந்து உன் ஊட்டுக்காரரு புளுவுனதைத் தெருவுல நின்னு சொல்றேன்!" என்று கத்திவிட்டு மிதித்தான்.

மறுநாள் விடியும்போதே ஓரிக்கையில் இருந்தான். பஞ்சாட்சரத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த முருகேசன் கொட்டாவி விட்டபடி கதவைத் திறந்தான். தொட்டி வழிந்த பிறகு மணி பார்த்து மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருந்ததால், அவன் முள்ளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கலியன் முக்காலியை இழுத்துப் போட்டு முள்ளுக்கு நேரே உட்கார்ந்தான். ஆறு மணி, எட்டு அடி. ஏழு மணி, ஒன்பது அடி. எட்டு மணி, பத்தரை. முள் பிசகவே இல்லை. கலியன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"பாத்தியாடா? அந்த ஆளு புளுவுனாருன்னு நான் சொன்னேனா இல்லியா?"

முருகேசன் தலையைச் சொறிந்தான். "இன்னிக்கு அமாவாசைண்ணே. அமாவாசைல முள்ளு நல்லாத்தான் இருக்கும். அவரு எழுதி வெச்சிருக்காரே."

மணிக்கொரு தடவை அளவு எழுதும் நோட்டை எடுத்து நீட்டினான். விசாரணைக்குக் கேட்டு வாங்கிப் போய், அதிலிருந்த பூஜ்யங்களையெல்லாம் பொய் எழுத்து என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பியிருந்த நோட்டு. பஞ்சாட்சரத்தின் எழுத்து பட்டு இழை மாதிரி மெல்லியதாக, ஒரே சீராக இருந்தது. ஆறு மணி பூஜ்யம், ஏழு மணி பூஜ்யம், எட்டு பூஜ்யம், பத்து மணிக்குப் பன்னிரண்டு அடி. தினமும் இல்லை, வாரத்தில் நாலு நாள், ஐந்து நாள். மாசி அமாவாசையில் சரியாக இருந்தது. பங்குனி அமாவாசையிலும் சரி. நடுவில் தூறல் விழுந்த இரண்டு நாளும் சரி.

கலியனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே ஆத்திரம் வந்தது. என் கம்பி என்ன, அமாவாசைக்கு விரதம் இருக்கிறதா? மழையில் ஈரம் ஏறி லைன் கெடும் என்று கேட்டிருக்கிறான். மழையில் நன்றாகிற லைனை அவன் கண்டதில்லை. பொய் எழுதுகிறவன் இப்படியா எழுதுவான் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை அப்படியே அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். ஆனால் அன்று மணியம்மாள் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

அடுத்த நாளும் போனான். ஆறு மணிக்கு முள் ஒன்பது அடியில் நின்றது. ஆறே காலுக்கு ஒரு துள்ளு துள்ளியது. அப்புறம் அவன் கண்முன்னாலேயே சரிந்து, பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கலியன் கண்ணாடியைத் தட்டினான். போனைச் சுற்றினான். செத்த போன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவன் தன் லைனைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். முருகேசன் பயந்து வெளியே போய் நின்றுகொண்டான்.

சைக்கிளை எடுத்தான். ஒவ்வொரு கம்பமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான். கம்பி அறவில்லை. கம்பியைத் தாங்கும் பீங்கான் உடையவில்லை. மரக்கிளை எதுவும் உரசவில்லை. மூன்று மைலும் சுத்தம். அப்படியானால் கோளாறு தொட்டியடியில்தான் இருக்க வேண்டும். ஏழரை மணிக்குத் தொட்டித் தெருவுக்குள் திரும்பியவன், சைக்கிளிலிருந்து இறங்கக்கூடத் தோன்றாமல் ஒரு காலை ஊன்றி நின்றான்.

தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். புடவைக்கு நீளவாக்கில் போகும் பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், இடுப்பு உயரத்தில், கவட்டைக் கம்புகளின் மேல் விறைப்பாக நின்றன. எட்டுப் பேர் இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழையைப் பிணைத்துக் கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஒன்பது மணிக்குச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மழையில் பாவு விரிக்க முடியாது. அமாவாசையன்று தறிக்காரர்கள் எந்த வேலையும் தொடமாட்டார்கள். அந்தப் பாவின் ஒரு கோடியை இழுத்துக் கட்டியிருந்த கயிறு, தொட்டிச் சுவரோரம் தரையில் நின்ற எர்த் பைப்பில் முடிந்திருந்தது. காய்ந்து வெடித்த மண்ணில் பைப் ஒரு சாண் சாய்ந்து நின்றது. தளர்ந்துபோன திருகாணிப் பிடியிலிருந்து ஒயர் கழன்று காற்றில் ஆடியது.

"எவன்டா கட்டினது!" கலியன் போட்ட கூச்சலில் தெருக்கோடி வரை கதவுகள் திறந்தன. "கவர்மெண்டு பைப்புடா அது! ஒங்க அப்பன் ஊட்டு மொளைக்குச்சின்னு நெனச்சீங்களா? அத்தினி பேரையும் போலீசுல குடுக்குறேன் பாரு!"

பாவுக்குப் பெரியவரான உமாபதி கஞ்சிக் கையோடு வந்தார். அவர் வீட்டுத் தறியிலிருந்ததுதான் அந்தக் கல்யாணப் புடவை.

"இன்னாபா கத்துற? கட்டச் சொன்னதே நீதானே."

"நானா?"

"நீதாம்பா. லைன் போட வந்தப்போ, அந்த எடத்துல எங்க மொளை இருந்துச்சு. எங்க தாத்தா காலத்து மொளை. அத்தப் புடுங்கிப் போட்டுட்டு இந்தப் பைப்பை எறக்கினே. நாங்க சண்டைக்கு வந்தோம். அப்ப நீ இன்னா சொன்னே? மரத்தைக் கட்டிக்கினு அழுவுறீங்களே, இரும்புலயே கட்டிக்கோங்கய்யா, ஆனையைக் கட்டினாலும் ஆடாதுன்னு சொன்னே. ஏழு வருசமா அதுலதான் கட்டுறோம்."

கலியனுக்கு நினைவு வந்துவிட்டது. தொட்டி வளாகத்துக்குள் பாறை, பைப் இறங்கவில்லை. வெளியே குழாயடி ஈரத்தில் சுலபமாக இறங்கியது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன எரிச்சலில் சொன்ன சொல் அது. ஏழு வருஷம் மண் ஈரமாக இருந்து பைப்பைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கோடையில் கைவிட்டது.

போய்க் கயிற்றை அவிழ்த்தான். பைப் நிமிர்ந்தது, ஒயர் மறுபடி பிடியில் உட்கார்ந்தது. தொட்டியடி போனைச் சுற்றினான். "முள்ளு ஏறிடுச்சுண்ணே, பத்து அடி!" என்று முருகேசன் கத்தினான். மறுபடி கட்டச் சொன்னான். போன் செத்தது. அவிழ்த்தான், பேசியது. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பாவு தொய்ந்து விறைத்தது. எட்டுப் பேரும் முணுமுணுத்தார்கள். மூன்றாவது தடவையில் உமாபதிக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த கயிற்றை ஏதோ பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்ப எங்க தறிக்குழில தண்ணி உட்டது எங்க கயிறுதானா? நாங்க பஞ்சாட்சரத்தைப் பேசினதெல்லாம்..."

"ஒங்க கயிறு இல்ல. என் வாயி," என்றான் கலியன். அதையும் கத்தித்தான் சொன்னான்.

அன்றைக்கே இரண்டாவது வாக்குமூலம் எழுதினான். எர்த் பைப்பை வளாகத்துக்கு வெளியே இறக்கியது நான், பாவுக்கயிறு கட்டச் சொன்னது நான், கயிறு கட்டும் நேரத்தில் பைப் சாய்ந்து ஒயர் கழன்று முள் பூஜ்யம் காட்டுகிறது. சீனிவாசன் படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் குப்புறப் போட்டார்.

"கலியா, புத்தி கெட்டுப் போச்சாய்யா உனக்கு? பைப் வெளியில இருக்குதுன்னா, அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். லைன் இன்ஸ்பெக்டர் போஸ்டுக்கு உன் பேரை எழுதியிருக்கேன். பேசாம பைப்பை மாத்தி அடிச்சிட்டு, 'லைன் சரி'ன்னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டுப் போ. அந்த ஆளுக்கு எப்படியும் வேலை போகாது, நான் சொல்லிப் பாத்துக்கிறேன்."

"சொல்லிப் பாத்துக்கிறியா?" கலியனுக்கு மரியாதை போய்விட்டது. "ஒரு மாசமா அந்த மனுசன் ஊட்டுல அடுப்பு எரியல. அவரு பொண்டாட்டி குழாயாண்ட நிக்க முடியல. நீ சொல்லிப் பாத்துக்கிறியா? உன் கையெழுத்து பெருசு, அவரு சோறு சின்னதா? இத்த நீ வாங்கலேன்னா விசாரணை அன்னிக்கு வாசல்ல நின்னு படிப்பேன். வாங்கு!"

வாங்கினார். விசாரணையில் பஞ்சாட்சரத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கலியனுக்கு இன்ஸ்பெக்டர் வேலை கிடைக்கவில்லை. எழுபத்தொன்பதில் ஓய்வு பெறும்வரை லைன்மேனாகவே இருந்தான். அதற்காக அவன் யாரையும் திட்டியதாகத் தெரியவில்லை, அது ஒன்றுதான் ஆச்சரியம்.

பஞ்சாட்சரம் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கலியன் ஓரிக்கைக்குப் போனான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. அதனால் போகும்போதே ஆபீஸைத் திட்டிக்கொண்டு போனான். பஞ்சாட்சரம் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆர்டர் முக்காலியின் மேல் கிடந்தது. கலியன் எடுத்துப் படித்தான். 'சந்தேகத்தின் பலனை அளித்து மீண்டும் பணியில் சேர்க்கப்படுகிறார். இனி விழிப்புடன் இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்.'

"எச்சரிக்கையா? ஒனக்கு எதுக்குண்ணே எச்சரிக்கை? நான்தான் அவ்ளோ வெளக்கமா எழுதிக் குடுத்தேனே! இவனுங்களை உடமாட்டேன், இன்னிக்கே போய்..."

"கலியா," என்றார் பஞ்சாட்சரம். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்தில் யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "மொத காயிதத்துல, தூங்கிட்டான்னு எழுதினே. ரெண்டாவதுல பைப்பு சாஞ்சுது, ஒயரு கயண்டுதுன்னு எழுதியிருக்கிற. எல்லாம் உன் லைனைப் பத்தித்தான். நான் தூங்கலன்னு எங்கியாச்சும் ஒரு வரி எழுதினியாபா?"

கலியன் எழுதவில்லை. இரண்டு பக்கம் எழுதியும் அந்த ஒரு வரியை எழுதவில்லை. அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"எனக்காக நீ யாருகிட்டயும் கத்த வேணாம். நீ கத்தினதுதான் இன்னும் என் காதுல இருக்குது," என்று சொல்லிவிட்டுப் பஞ்சாட்சரம் குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த மோட்டாருக்குப் போனார்.

கலியன் ஆபீஸுக்கு மிதித்தான். சீனிவாசன் ஃபைல் மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார். விஷயம் முடிந்துவிட்டது, இனி எதற்கு என்றார். கலியன் ஒரு தாளை எடுத்து, நின்றபடியே ஒரு வரி எழுதி, நகலும் எழுதி, மேஜை மேல் வைத்தான். மத்தியானம் ஆனது. சாப்பாட்டு மணி அடித்தது. அவன் நகரவில்லை, கத்தவும் இல்லை. கத்தாத கலியனைப் பார்க்கச் சீனிவாசனுக்கே என்னமோ போல் இருந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு இரண்டு தாளிலும் ஆபீஸ் முத்திரையைக் குத்தித் தள்ளினார்.

நகலைக் கொண்டுபோய்ப் பஞ்சாட்சரத்திடம் நீட்டினான். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். பஞ்சாட்சரம் தூங்கவில்லை, அப்படி நான் எழுதியது பொய், இப்படிக்குக் கலியன். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எந்தத் தேதில தூங்கலன்னு போடலியே," என்றார்.

கலியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு பென்சிலை வாங்கி, சித்திரை மாதத்து அந்த வியாழக்கிழமையின் தேதியைப் போட்டுக் கொடுத்தான். பஞ்சாட்சரம் அதைச் சரிபார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்தப் போனார்.